நாற்பது மூட்டைக் கணக்கு

இந்தக் குறுவைக்கு நாற்பது மூட்டை கண்டது.
நாலரை மா. கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில்
ஜெய்த்தூன் பீவி என்று என் பேர்,
அதற்குக் கீழே கடன்.

ஆறும் மழையும் பாய்ந்து விளைந்தால் பத்தில் ஒன்று,
நாமே இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று
இல்லாதவர்க்குப் போக வேண்டும்.
நெல்லுக்கான ஜகாத். உஷ்ரு என்போம்.
நாலு மூட்டையா, ரெண்டா?

ஆனியில் வெண்ணாறு வந்தது.
ஆடிப்பெருக்கு கழிந்த எட்டாம் நாள்
முறை வைத்தார்கள்,
பிறகு முறையும் வரவில்லை.
கதிர் பால் கட்டும்போது போர்வெல்தான் கதி.

முஹிப்புல்லா ஆலிம்சாவுக்குப் போன் போட்டேன்.
சின்ன வயசு. லெட்சுமாங்குடிப் பாலத்தில்
பைக்கை ஓரங்கட்டிப் பேசினார்.
"பாதிக்குப் பாதி என்றால் மூணு மூட்டை.
ஒன்று கூடுதலென்றால் அதன்படி.
நாளை எண்ணிப் பாருங்க."

விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
அடுத்த வயல் தையல்நாயகி வரப்பில் நின்று,
"ஒங்க ஆண்டவரு தண்ணிக்கும் கணக்குக் கேப்பாரா?" என்றாள்.

கேட்பான் தையலு.
இந்த மார்க்கம் வந்த ஊரில்
வயலே கிடையாது, மொட்டை மலை.
கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, ஹாஜரா,
தண்ணீர் தேடி இரண்டு குன்றுக்கு நடுவே
ஏழு தடவை ஓடினாள்.
ஊற்று பிறந்தது பிள்ளையின் காலடியில்.
ஹஜ்ஜுக்குப் போகிற ஆம்பளைகளும்
இன்றைக்கும் அவள் ஓட்டத்தைத்தான் ஓடுகிறார்கள்,
மூச்சு வாங்கிக்கொண்டு.

வெகுகாலம் கழித்து அதே ஊரில்
தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒருவரை
மலைக்குகையில் வைத்து ஓதச் சொன்னது ஒரு குரல்.
எனக்கு ஓதத் தெரியாதே என்று நடுங்கினார் நபி.
அங்கிருந்துதான் எல்லாம்:
இறைவன் ஒருவன் என்பது,
ஐந்து வேளை, ஒரு மாத நோன்பு,
என் நெல்லில் யாருக்கோ உள்ள பங்கு.
அவனுக்கு உருவம் இல்லை.
தராசு மட்டும் உண்டு.

ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து
ஒளு செய்தாலும் தண்ணீரை விரயம் பண்ணக் கூடாது.
தண்ணீரே இல்லையா, மண்ணைத் தொட்டு
முகத்தையும் கையையும் தடவிக்கொண்டு தொழலாம்.
சித்திரையில் வெண்ணாறு முழுக்க
அதற்குத்தான் ஆகும்.

தையல்நாயகி யோசித்தாள்.
"மேற்கால திரும்பித்தானே தொழுவுறீங்க,
தண்ணியும் அங்கேருந்துதானே வருது" என்றாள்.
நாற்பது வருஷமாய்த் தொழுகிறேன்,
எனக்கு இது தோன்றவில்லை.

அதோடு விட்டாளா?
"மோட்டாருக்குக் கரண்டு சும்மாதானே குடுக்குறான் கெவருமெண்டு,
அப்ப அதுவும் ஆத்துத்தண்ணி மாதிரிதானே?"

காசு போகவில்லைதான்.
போனது தூக்கம்.
மும்முனை மின்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும்.
டார்ச்சோடு போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு
குழாய் வாயில் ஒளு செய்து
சாக்கை விரித்து தஹஜ்ஜத் ரெண்டு ரக்அத் தொழுவேன்.
கடைசி வரப்பை நீர் தொடுமட்டும் உட்கார்ந்திருப்பேன்.
தவளைச் சத்தம் காதை அடைக்கும்.

செயலுக்கு மதிப்பு நிய்யத்தை வைத்துத்தான்.
நாளைக்கு அவன் கேட்டால்,
ஜெய்த்தூனே, அந்த ராத்திரிகளில்
எதற்காக எழுந்தாய்?
மோட்டாருக்குத்தான் ரப்பே.
உன்னிடம் போய் என்ன மறைப்பது.

எண்ணி முடித்தேன்.
ஆறு ஐம்பத்தாறு நாள்.
மோட்டார் முப்பத்தெட்டு.
நடுவில் பெய்த ஐந்து நாள் மழை
ஆற்றோடு சேரும்.

நாலு மூட்டை.

உஷ்ரு வாங்கத் தகுந்தவர் பட்டியலில்
கடன்பட்டவருக்கும் இடம் உண்டு.
அது நினைவுக்கு வந்த நேரம் சரியில்லை.

மூன்று மூட்டைக்கு வாய் தைத்தாயிற்று.
நாலாவதில் கோணியூசி
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
அதையும் எழுதியிருப்பார்கள்,
இந்தத் தோளில் ஒருவர், அந்தத் தோளில் ஒருவர்
ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிற மலக்குகள்.
எந்தப் பக்கத்தவர் எழுதினார் என்பதுதான்
தெரியவில்லை.